ஒரே மெட்டு, இரண்டு சுவர்கள்

லண்டனின் வடமேற்கே ஹரோவில் ஒரு வீட்டின் மாடியறையில் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். 1985-இல் இங்கே வந்தவர். வந்த புதிதில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து விடிய விடிய ரேடியோ கேட்பதுதான் துணை. அந்தக் கோடையில் ரேடியோ சலிக்காமல் போட்ட பாட்டு, மரிலியன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'கெய்லி'. வரிகள் பாதி விளங்கவில்லை. ஆனால் யாரோ ஒருவன் தொலைத்துவிட்ட ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்பது மட்டும் விளங்கியதாம். முதல் சம்பளத்தில் அனுப்ப வேண்டியதை ஊருக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தில் அந்த ஆல்பத்தை வாங்கினார். இசைத்தட்டைப் போட்டுக் கேட்க அவரிடம் பிளேயர்கூட அப்போது இல்லை.

நான் அதே குழுவுக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்தவன். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறை நண்பன் ஒரு சிடி கொடுத்தான், 'பிரேவ்'. 1994-இல் வந்த ஆல்பம். அதில் பாடுபவர் ஸ்டீவ் ஹோகார்த். அண்ணை காதலித்த குரல் ஃபிஷ்ஷுடையது. ஒரே குழு, ஆனால் இரண்டு பாடகர்கள். நாங்கள் இருவருமே மரிலியன் ரசிகர்கள் என்று தெரிந்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டோமோ, அடுத்த அரைமணி நேரத்தில் அவ்வளவு கடுமையாக மோதிக்கொண்டோம்.

"அவன் போனதோட அந்தக் குழுவும் போச்சுது தம்பி. பேர் மட்டும்தான் மிச்சம்" என்றார் அண்ணை. 1988-க்குப் பிறகு வந்த ஒரு பாட்டைக்கூட அவர் முழுதாகக் கேட்டதில்லை.

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. மரிலியன் ரசிகர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி இதுதான்: ஃபிஷ்ஷா, ஹெச்சா? ஹோகார்த்தை எல்லோரும் ஹெச் என்றுதான் சொல்வார்கள். பல வருடங்கள் நானும் இந்தக் கேள்விக்குச் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பழைய டெமோ, அதாவது ஆல்பத்துக்கு முன் செய்யும் மாதிரி ஒலிப்பதிவு, என்னை வேறு மாதிரி யோசிக்க வைத்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், ஆனால் அதற்கு முன் கொஞ்சம் கதை சொல்லியாக வேண்டும்.

குழு தொடங்கியது 1979-இல், பக்கிங்ஹாம்ஷயரில் ஐல்ஸ்பரி என்ற சின்ன ஊரில். டோல்கீனின் 'சில்மரிலியன்' நூலின் பெயரை வைத்துக்கொண்டு, பிறகு முன்பாதியை வெட்டிவிட்டார்கள். 1981-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஆறடி ஐந்தங்குல மனிதர் ஒருவர் பாட வந்தார். இயற்பெயர் டெரெக் டிக். குளியல் தொட்டியில் மணிக்கணக்காக ஊறிக்கிடக்கும் பழக்கத்தால் மீன் என்று பொருள்படும் ஃபிஷ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மேடையேறுவார். பாட்டைப் பாடினார் என்பதைவிட ஆடிக்காட்டினார் என்பதுதான் சரி. எனக்கு நம் ஊர்க் கூத்தின் கட்டியங்காரன்தான் நினைவுக்கு வருவான். சிரிக்க வைப்பான், ஏசுவான், கதையை நிறுத்தி நேராக நம்மைப் பார்த்துப் பேசுவான். மார்க் வில்கின்சன் வரைந்த ஆல்பம் அட்டைகளிலும் ஒரு விதூஷகன் வந்துகொண்டே இருப்பான்.

ஃபிஷ் பாடியவை நான்கே நான்கு ஸ்டூடியோ ஆல்பங்கள். 1983-இல் 'ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்', 1984-இல் 'ஃபுகாசி', 1985-இல் 'மிஸ்பிளேஸ்டு சைல்டுஹுட்', 1987-இல் 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்'. மூன்றாவதுதான் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 'கெய்லி' இருப்பதும் அதில்தான். அந்தப் பாட்டுக்குப் பிறகு பிரிட்டனில் எத்தனையோ பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அண்ணைக்கு அதுதான் உச்சம். எனக்கு நான்காவது. டார்ச் என்ற வேலையில்லாத, குடித்துக் குடித்து அழியும் பாடகனின் கதை அது. ஃபிஷ்ஷின் குரல் அதற்குள் கொஞ்சம் இறங்கி, தடித்துவிட்டிருந்தது. முதல் ஆல்பத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியவர் இதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார். அட்டையில் விதூஷகனைக் காணோம், அவன் குல்லா மட்டும் ஒருவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஓயாத சுற்றுப்பயணம், குடி, நிர்வாகம் குறித்த சண்டை எல்லாம் சேர்ந்து மறு வருடம் ஃபிஷ் வெளியேறினார். அந்த ஆல்பத்தை இப்போது கேட்டால், போகிறேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டது போலத்தான் இருக்கிறது.

சரி, அந்த டெமோ விஷயம். ஃபிஷ் விலகுவதற்கு முன் ஐந்தாவது ஆல்பத்துக்கான வேலை தொடங்கியிருந்தது. மெட்டுகள் பல தயார். சிலவற்றுக்கு ஃபிஷ் வரிகள் எழுதிப் பாடியும் விட்டார். பிரிந்தபோது சொத்துப் பிரிப்பது போலப் பாட்டுகளையும் பிரித்துக்கொண்டார்கள். மெட்டு குழுவுக்கு, வரிகள் ஃபிஷ்ஷுக்கு. 1999-இல் 'கிளட்சிங் அட் ஸ்ட்ராஸ்' மறுபதிப்பு வந்தபோது, இரண்டாவது தட்டில் அந்த டெமோக்களைச் சேர்த்தார்கள். அதில் ஒன்றின் பெயர் 'ஸ்டோரி ஃப்ரம் எ தின் வால்', ஒரு மெல்லிய சுவரின் கதை. பக்கத்து வீட்டில் ஒருவன் மனைவியை அடிக்கிறான். சுவர் வழியாக எல்லாம் கேட்கிறது, கேட்பவன் ஒன்றும் செய்யாமல் இருக்கிறான்.

இந்த வரிகளை ஃபிஷ் எடுத்துக்கொண்டு போய், வேறு இசையோடு 'ஃபேமிலி பிசினஸ்' என்ற பாட்டாக்கினார். 1990 ஜனவரியில் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் அது இருக்கிறது. மெட்டை வைத்துக்கொண்ட குழு, புதிதாக வந்த ஹோகார்த்திடம் கொடுத்தது. அவரும் ஜான் ஹெல்மர் என்ற பாடலாசிரியரும் அதற்கு எழுதிய பாட்டு 'பெர்லின்'. 1989 செப்டம்பரில் வந்த 'சீசன்ஸ் எண்ட்' ஆல்பத்தில் இருக்கிறது.

இதை முதல்முறை கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே மெட்டு. அதில் ஒருவர் கேட்டது ஒரு வீட்டின் சுவரை. மற்றவர் கேட்டது ஒரு நகரத்தையே இரண்டாகக் கிழித்த சுவரை. பாட்டு வெளியாகி ஒன்றரை மாதத்தில், நவம்பர் 9 அன்று, அந்த நிஜச் சுவர் திறந்துகொண்டது. இன்னொன்றும் உண்டு. 'மிஸ்பிளேஸ்டு சைல்டுஹுட்' ஒலிப்பதிவானது பெர்லினின் ஹான்ஸா ஸ்டூடியோவில். பெர்லின் சுவருக்கு மிக அருகில் இருந்த இடம் அது. ஆக, சுவரின் நிழலில் மாதக்கணக்கில் வேலை செய்த குழு அப்போது பாடியது குழந்தைப் பருவத்தையும் இழந்த காதலையும். சுவரைப் பாடியது நான்கு வருடம் கழித்து, அந்த ஒலிப்பதிவில் இல்லவே இல்லாத ஒருவர் வந்த பிறகு.

டெமோ, 'பெர்லின்', 'ஃபேமிலி பிசினஸ்' மூன்றையும் ஒரே இரவில் மாற்றி மாற்றிக் கேட்டேன். டெமோவில் ஃபிஷ் மெட்டின் மேல் ஏறி நிற்கிறார். இசைக்கு மூச்சுவிட நேரமில்லை, சொல்லுக்குச் சொல் நெருக்கம். அந்த நெருக்கம்தான் அந்தக் கதைக்கு வேண்டியதும்கூட. சின்ன அறை, மெல்லிய சுவர், ஓட வழியில்லை. 'பெர்லி'னில் அதே மெட்டு விரிந்துவிடுகிறது. ஹோகார்த் ஒரு வரி பாடிவிட்டு விலகி நிற்கிறார், பில் டாடின் சாக்ஸபோன் உள்ளே வருகிறது, கீபோர்டு ஒரு தெருவின் நீளத்துக்குப் படர்கிறது. இசைத்தவர்கள் அதே நான்கு பேர்தான். ஸ்டீவ் ரோதரி கிதார், மார்க் கெல்லி கீபோர்டு, பீட் ட்ரெவாவாஸ் பேஸ், இயன் மோஸ்லி டிரம்ஸ். பாடுபவர் மாறியதும் இந்த நான்கு பேரின் கைகள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. அன்றிலிருந்து ஃபிஷ்ஷா ஹெச்சா என்ற கேள்வி எனக்குப் போதவில்லை. பாடகர்களை ஒப்பிடும்போது உண்மையில் நான் கேட்க விரும்புவது, அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

நாம் இதற்குப் புதியவர்கள் இல்லை. திரைப்பாடலில் இசையமைப்பாளர்தான் வீட்டின் தூண், பாடகர்கள் வந்து போவார்கள். இளையராஜா பாட்டை எஸ்பிபி பாடினாலும் யேசுதாஸ் பாடினாலும் அது இளையராஜா பாட்டுதான். பாடகர் மாறியதால் ராஜா முடிந்துவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. ராக் குழுவில் பாடுபவரே பெரும்பாலும் வரிகளையும் எழுதுவதால் முகம், குரல், சொல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன. அவர் போனால் மூன்றும் போகின்றன. ஜெனசிஸ் குழுவை விட்டு 1975-இல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது, டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸே பாட வந்தார். குடும்பத்துக்குள்ளேயே கை மாறியதால் அதிர்ச்சி குறைவு. அதே குழு 1997-இல் வெளியிலிருந்து ரே வில்சனைக் கொண்டுவந்தபோது ஒரு ஆல்பத்தோடு நின்றுபோனது. யெஸ் குழு 1980-இல் ஜான் ஆண்டர்சன் இல்லாமல், ட்ரெவர் ஹார்னைப் பாட வைத்துச் செய்த 'டிராமா' எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அந்தக் கூட்டணியும் நீடிக்கவில்லை. மரிலியனிலோ வெளியிலிருந்து வந்தவர் நிலைத்தார். ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய தன் டெமோ கேசட்டுகளோடு வந்தவர், 2022 வரை அவர்களோடு புதுப் பாடல்கள் கொண்ட 14 ஆல்பங்கள் பாடிவிட்டார்.

அந்த வாளியில் இருந்த ஒன்றுதான் 'ஈஸ்டர்'. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

2019 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அண்ணையும் நானும் ஐல்ஸ்பரி போனோம். எத்தனையோ வருடமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர். அண்ணைதான் கார் ஓட்டினார். பாட்டு என் பொறுப்பு. முதலில் அவருக்குப் பிடித்த 'ஃபர்காட்டன் சன்ஸ்' போட்டேன், முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. வட அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பற்றியது. ரேடியோ அலைவரிசைகள் மாறும் சத்தத்தோடு தொடங்கும். நடுவில் பாட்டு நின்று, ஃபிஷ் ஒரு பிரார்த்தனையைத் திருப்பிப் போட்டு அமைச்சர்களை நோக்கி வசனமாகப் பேசுவார். வேலை கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்த பையன், டிவியில் செய்தி பார்க்கும் அவன் வீட்டார், கடைசியில் ஒரு சவப்பெட்டி. அந்தப் பாட்டை அண்ணை எப்போதும் வேறு மாதிரிதான் கேட்பார். அவர் ஊரை விட்டு வந்தது எதனால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "துவக்கு வச்சிருக்கிறவனும் ஆரோ ஒருத்தியின்ர பிள்ளைதான் எண்டு எனக்குச் சொன்னது இந்தப் பாட்டுத்தான். அப்ப எனக்கு அதைக் கேக்க விருப்பமில்லை. ஆனாக் கேட்டனான்" என்றார்.

அது முடிந்ததும் கேட்காமலே 'ஈஸ்டர்' போட்டேன். அதே வட அயர்லாந்து, அதே சண்டை, ஆறு வருடம் தள்ளி. குழுவில் சேரும் முன்பே ஹோகார்த் எழுதியது. ஒரு அக்கூஸ்டிக் கிதார் மட்டும் மெல்ல மீட்ட, அவர் கிட்டத்தட்ட தாலாட்டுப் போலப் பாடுகிறார். அமைச்சர் இல்லை, சவப்பெட்டி இல்லை, யாரையும் விரல் நீட்டிக் குற்றம் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர் வாசலிலேயே நிற்பது போல ஒரு தயக்கம். பிறகு நடுவில் ரோதரியின் கிதார் எழும்பும். அந்த ஒரு நிமிடத்தை எத்தனை முறை கேட்டிருப்பேனோ, இன்றுவரை எனக்குத் தொண்டை அடைக்காமல் இருந்ததில்லை.

அண்ணை பாதை மேல் கண் வைத்திருந்தார். குரல் வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. கிதார் வந்ததும் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார்.

"கிற்றார் அதே பெடியன்தானே?"

"அதே ஆள்தான் அண்ணை."

"ம்."

அவ்வளவுதான் பேசினார். ஆனால் அந்தக் கேள்விக்குள் நான் சொல்ல நினைப்பது முழுக்க இருக்கிறது. 'கிளட்சிங் அட் ஸ்ட்ரா'ஸில் 'ஷுகர் மைஸ்' என்று ஒரு பாட்டு, வேலை போய், வீட்டை விட்டுத் தூரத்து ஓட்டல் அறையில் கிடக்கும் ஒரு அப்பாவின் புலம்பல். அதில் ஃபிஷ் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்ற இடத்தில்தான் ரோதரி தொடங்குவார். அணையில் தேங்கியது திறந்து பாய்வது போலிருக்கும். 'ஈஸ்ட'ரில் அப்படி இல்லை. ஹோகார்த் பாதியில் விட்ட மூச்சை ரோதரி வாங்கிக்கொண்டு போகிறார். எது கிதார், எது குரல் என்ற எல்லையே மங்கிவிடுகிறது. ஒரே ஆள், ஒரே விரல்கள். ஃபிஷ்ஷோடு இருந்தபோது பதில் சொல்லும் வாத்தியம், ஹோகார்த்தோடு இருக்கும்போது கூடவே நடக்கும் வாத்தியம்.

இதை ஒரு சூத்திரமாக்கிவிடக் கூடாது. 'செல்சி மண்டே'யில் ஃபிஷ் எவ்வளவு இடம் விட்டுப் பாடியிருக்கிறார்! ஹோகார்த்தும் எப்போதும் மென்மையானவர் இல்லை. 2012-இல் வந்த 'காஸா' 17 நிமிடங்களுக்கு மேல் ஓடும், அதில் அவர் அடைந்த கோபத்தைக் கேட்டால் 1983-இன் ஃபிஷ்ஷே பக்கத்தில் வந்து நிற்பது போலிருக்கும். ஹோகார்த் காலத்து ஆல்பங்கள் எல்லாமே நல்லவை என்றும் சொல்ல மாட்டேன். 'ஹாலிடேஸ் இன் ஈடன்' ரேடியோவுக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. 'ரேடியேஷ'னின் ஒலிப்பதிவு தட்டையாக இருக்கிறது. 'சம்வேர் எல்ஸ்' எனக்குள் ஒட்டவே இல்லை. நான்கே ஆல்பத்தோடு போனவருக்குச் சறுக்க நேரமே கிடைக்கவில்லை என்பதை, ஒப்பிடும்போது மறந்துவிடுகிறோம்.

ஆனால் 'பிரேவ்' முன்னால் நான் தர்க்கம் பேச மாட்டேன். இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலத்தில் ஒரு இளம்பெண் தனியாகத் திரிந்துகொண்டிருந்தாள். காவல்துறை மீட்டது. யார், எவர் என்று கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்று ரேடியோவில் வந்த அறிவிப்பை ஹோகார்த் கேட்டிருந்தார். அந்தப் பெண் எப்படி அந்தப் பாலத்துக்கு வந்திருப்பாள் என்பதுதான் ஆல்பம் முழுக்க. பேச மறுத்த ஒருத்தியின் கதையைச் சொல்ல, தானும் பேசாமல் இருக்கத் தெரிந்த பாடகர் வேண்டியிருந்தது. ஃபிஷ் இதை எழுதியிருந்தால் அவளுக்காக அவர் பேசியிருப்பார், அற்புதமாகவே பேசியிருப்பார். ஹோகார்த் அவளுடைய மௌனத்தைக் கலைக்காமல் சுற்றி நடக்கிறார். அதன் எல்பி இசைத்தட்டின் கடைசிப் பக்கத்தில் இரட்டைப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஊசி எந்தப் பள்ளத்தில் விழுகிறதோ அந்த முடிவு: ஒன்றில் அவள் பிழைக்கிறாள், மற்றதில் தண்ணீரின் சத்தம் மட்டும். எனக்குக் கிடைத்தது சிடி என்பதால் நல்ல முடிவோடுதான் வளர்ந்தேன். பல வருடம் கழித்து அந்த எல்பியில் தண்ணீரைக் கேட்ட இரவு, விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன்.

2004-இன் 'மார்பிள்ஸ்' என் இரண்டாவது தெய்வம். அட்லாண்டிக்கைத் துடுப்பு வலித்தே இரு திசையிலும் கடந்த டான் ஆலமைப் பற்றி அதில் ஒரு பாட்டு, 'ஓஷன் கிளவுட்'. கிட்டத்தட்ட 18 நிமிடம். கடலில் தனியாக இருப்பது எப்படி என்று அது சொல்லித்தந்தது.

புதுப் பாடகரைக் குழுவோடு கட்டி வைத்ததில் ரசிகர்களின் பங்கு பெரிது. 1997-இல் அமெரிக்காவுக்கு வரப் பணமில்லை என்று குழு சொன்னபோது, அங்கிருந்த ரசிகர்கள் தாங்களே சுமார் 60,000 டாலர் திரட்டி வரவழைத்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் குழுவுக்கு அடுத்த துணிச்சல் வந்தது. 2001-இன் 'அனோராக்னோஃபோபியா'வை ஒலிப்பதிவு செய்யும் முன்பே, முன்பணம் கட்டி வாங்குவீர்களா என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு சுரம்கூடக் கேட்காமல் பணம் கட்டினார்கள். அப்போது பாடிக்கொண்டிருந்தவர் ஹோகார்த். பேர் மட்டும்தான் மிச்சம் என்று அண்ணை சொல்லும்போதெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுவேன். வெறும் பேருக்கு யாரும் அப்படி முன்பணம் கட்டுவதில்லை.

ஐல்ஸ்பரியில் சந்தைச் சதுக்கத்தில் போய் நின்றோம். கூழாங்கல் தரை, நடுவில் மணிக்கூண்டு, ஒரு பக்கம் டேவிட் போவியின் வெண்கலச் சிலை. குழுவின் முதல் சிங்கிள், 1982-இல் வந்த 'மார்க்கெட் ஸ்கொயர் ஹீரோஸ்', இந்தச் சதுக்கத்தின் பெயரைத்தான் சுமக்கிறது. 2007 ஆகஸ்ட் 26 அன்று ஃபிஷ் இங்கே வந்து பாடினார். அன்று மரிலியனின் மற்ற நால்வரும் மேடையேறி, அந்த ஒரு பாட்டை மட்டும் அவரோடு வாசித்துவிட்டு இறங்கினார்கள். பத்தொன்பது வருடம் கழித்து ஒரே ஒரு பாட்டு. அண்ணை அன்று லண்டனில்தான் இருந்தார், வரவில்லை. ஏன் வரவில்லை என்று அங்கே நின்றபடி கேட்டேன். "வந்திருந்தா, திரும்பிப் போக மனம் வந்திருக்காது" என்றார்.

அதற்குப் பிறகு ஃபிஷ் 2020-இல் தன் கடைசி ஆல்பத்தை வெளியிட்டு, 2025 மார்ச்சில் கிளாஸ்கோவில் கடைசிக் கச்சேரியும் பாடி ஓய்வு பெற்றுவிட்டார். மரிலியனின் 2022 ஆல்பம் 'அன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க்' பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. ஹோகார்த்துக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டிருந்தது. குரலின் உயரம் குறைந்திருக்கிறது, ஆனால் இடம் விடும் வித்தை குறையவில்லை.

ஐல்ஸ்பரி போய்வந்து ஒரு மாதம் இருக்கும். வேலை முடிந்து தாமதமாக வந்தேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழ் அறையிலிருந்து 'ஈஸ்டர்' கேட்டது, அந்தக் கிதார் இடம். முடிந்ததும் நின்றது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி அதே இடம். மூன்று முறை அப்படியே, கிதார் மட்டும். நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்காவது முறை அண்ணை பாட்டை முதலிலிருந்து போட்டார்.